வரலட்சுமி வராத நாட்கள்

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் போகும் முதல் பஸ்ஸில், கண்டக்டருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர சீட்டை வரலட்சுமிக்கென்று பட்டா போட்டுக் கொடுக்காததுதான் குறை. பதினோரு வருஷமாக அதே இடம், அதே தூக்குவாளி. பஸ்ஸில் ஏறும்போது முன்னால் யாராவது நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள், பட்டுச் சேலையும் தாம்பாளமுமாக நின்றால், அவளே இரண்டடி பின்வாங்கி அவர்கள் ஏறிய பிறகுதான் ஏறுவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அடுத்தவர் வாயால் கேட்பதற்கு முன்னால் தானே செய்துவிட்டால் மனசு கொஞ்சம் குறைவாக நோகும் என்பது அவள் கண்டுபிடித்த வழி.

புருஷன் மணவாளன், திருத்தணி மலைக்குப் பின்பக்கம் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருந்தவன். கல்யாணமான நாலாம் வருஷம், எழுபத்தாறில், நகரி ரோட்டில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தான். லாரிக்காரன் தூங்கிவிட்டான் என்று போலீஸே எழுதிக்கொண்டு போனது. மாமியார் மட்டும் பிணத்தை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டே, "இவ காலடி வெச்ச நேரம்" என்றாள். லாரிக்காரன் பெயர் அப்புறம் யாருக்கும் நினைவில் இல்லை. மாமியார் சொன்னது மட்டும் ஊர் முழுக்க நின்றுவிட்டது. வரலட்சுமி தம்பி எல்லப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கல்லூரிக்காரர்கள் இரக்கப்பட்டு மணவாளன் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். பெயர் வரலட்சுமிதான். ஆனால் அந்தப் பெயரில் வருஷா வருஷம் நடக்கும் நோன்புக்குத் தெருவில் அழைப்பு வரும்போது, தம்பி பெண்டாட்டி பத்மாவை மட்டும் கூப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

லேப் வேலை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தால், ஒன்றில்கூட ஒரு தண்ணீர்த் தழும்பு இருக்காது. அதோடு நிறம் பார்க்கும் கண் இருந்தது. அவளுடைய நைனா சாயப்பட்டறை வைத்திருந்தவர். நூலை எத்தனை தடவை சாயத்தில் முக்கி எடுத்தார்கள் என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

அந்தக் கண்ணை மதித்த ஒரே ஆள் யூனிஸ். கெமிஸ்ட்ரி லெக்சரர், நாற்பத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஞாயிறு தவறினாலும் சர்ச் தவறாது. வகுப்பும் எடுத்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் பி.எச்.டி.க்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வழிகாட்டி புரொபசர் சடகோபன் சென்னையில் இருந்தார். இரண்டு தடவை தவணை நீட்டிக் கொடுத்தாயிற்று. எண்பத்தேழு ஜூன் கடைசியோடு பதிவு முடிகிறது. அதற்குள் சோதனை முடியாவிட்டால் ஏழு வருஷ உழைப்பைக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான்.

சென்னையிலேயே செய்யாமல் திருத்தணியில் ஏன் செய்தாள் என்றால், காற்றுதான் காரணம். சென்னையில் கடல் காற்று. சுவரைத் தொட்டால் பிசுபிசுக்கும். அவள் ஆராய்ச்சிக்கு ஆகாத ஒன்று அந்த ஈரம். "உங்க ஊர் வெயில்ல ஈரம் எங்கே இருக்கு? அங்கேயே செய்ங்க. கலந்ததை ரயிலில் கொண்டுவந்து இங்கே மிஷினில் அளந்துக்கலாம்" என்று சடகோபனே சொல்லிவிட்டார்.

யூனிஸ் வேலை செய்யும்போது வாய் ஓயாது. கேட்க வேறு ஆள் இல்லாததால் எல்லாம் வரலட்சுமி காதில் விழும். ஏ.ஓ.டி. என்று ஒரு பொருள், சோப்பு ஜாதி, பார்க்க வெள்ளை மெழுகுக் கட்டி. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே ஒரு பழுப்பு பாட்டில்தான் இருந்தது. அதைப் பெட்ரோல் வாசனை அடிக்கும் ஓர் எண்ணெயில் கரைத்து, ஊசியால் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால், தண்ணீர் அடியில் போய் நிற்காது. கலங்கவும் கலங்காது, பளிச்சென்று தெளிவாக இருக்கும். ஆனால் உள்ளே தண்ணீர் கோடானுகோடித் துளிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துளியும் ஒரு சோப்புத் தோலைப் போர்த்திக்கொண்டு மிதக்கும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத சின்னத் துளிகள். ஒரு குடுவையின் துளிகளுக்குள் காட்மியம் உப்பு, இன்னொன்றின் துளிகளுக்குள் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் சல்பைடு. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் துளிகள் மோத ஆரம்பிக்கும். முக்கால்வாசி மோதல் வெறும் மோதல்தான். எப்போதாவது இரண்டு துளிகளின் தோல் திறந்து, கண நேரம் ஒன்றாகி, உள்ளே இருப்பதை மாற்றிக்கொண்டு மறுபடி பிரியும்.

"ஆடிக் கிருத்திகைக்கு மலைப் படியில ஜனம் இடிச்சுக்கினு போவுமே, அதுல ஒருத்தர் பையில இருந்த பழம் இன்னொருத்தர் பையில பூந்துக்கற மாதிரிங்களா மேடம்?" என்றாள் வரலட்சுமி ஒருநாள்.

யூனிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "அதேதான். இவ்வளவு சுளுவா எனக்குச் சொல்ல வரலையே."

அப்படிக் காட்மியமும் சல்பைடும் ஒரே துளிக்குள் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் விதை மாதிரி ஒரு பொடி உண்டாகும். பிறகு அந்தத் துளிக்கு வந்து சேர்வதெல்லாம் தனியாக நிற்காது, அந்த விதைமேலேயே ஒட்டி அதை வளர்க்கும். எவ்வளவு வளரும்? துளி இடம் கொடுக்கிற அளவுதான். அதற்குமேல் சோப்புத் தோல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கூடினால் துளி பெருக்கும், துளி பெருத்தால் பொடியும் பெருக்கும். அதை நிறமே காட்டிக்கொடுத்துவிடும். பொடி சின்னதென்றால் எலுமிச்சம்பழ மஞ்சள், அதுவும் வெளுத்தது. ஒரு சுற்றுப் பெருத்துவிட்டால் சாமந்தி மஞ்சள். இத்தனை தண்ணீருக்கு இத்தனை அளவுப் பொடி, எத்தனை முறை செய்தாலும் அதேதான் வரும் என்று காட்டுவதுதான் யூனிஸின் ஆராய்ச்சி. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வெளுத்த மஞ்சள் சொன்னபடி கேட்டது.

ஏப்ரல் நடுவில் வெயில் ஏறியது. திருத்தணி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாறை மலை பகலெல்லாம் குடித்த சூட்டைத் திருப்பி ஊர்மேல் ஊதும். யூனிஸ் மருந்தை நிறுக்கிற தராசு அறை ஒரு சின்ன அறை. தராசு ஆடும் என்று ஃபேன் போடக்கூடாது. உள்ளே போய்விட்டு வந்தால் அந்த அம்மாளின் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வரலட்சுமிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காலையில் முதல் ஆளாக வருகிறவள், இரண்டு கோணிச் சாக்கை நனைத்து, பின் வராந்தாப் பக்கம் அந்த அறை ஜன்னல் கம்பியில், இடைவெளி விட்ட பலகைச் சட்டத்துக்கு வெளியே கட்டிவிட்டாள். யூனிஸ் சாப்பிடப் போகும்போது மறுபடி ஒரு குடம். தம்பியின் தறி வீட்டில் இருப்பவளுக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. தேங்காய் உடைத்து விளம்பரப்படுத்துகிற விஷயமா அது? அதனால் சொல்லவும் இல்லை. உள்ளேயிருந்து பார்த்தால் சட்டம்தான் தெரியும். "இந்த ரூம் மட்டும் என்னமோ குளுகுளுன்னு இருக்கே, வேப்பமரம் போல" என்று யூனிஸ் ஒருமுறை சொன்னபோது வரலட்சுமி உள்ளுக்குள் பூரித்துப் போனாள்.

அதிலிருந்துதான் மஞ்சள் ஏற ஆரம்பித்தது. அதே அளவு மெழுகு, அதே அளவு தண்ணீர், ஆனால் குடுவையில் சாமந்தி. "போன மாசத்தவிட ரெண்டு முக்கு கூடத் தெரியுதுங்களே" என்று வரலட்சுமி சொன்னதையே, சென்னை மிஷின் மூன்று நாள் கழித்து எண்ணாகச் சொன்னது. யூனிஸ் எண்ணெயை மாற்றினாள், உப்பை மாற்றினாள், குடுவைகளைத் தானே கழுவினாள். நடுநடுவே ஒருநாள் சரியாக வரும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுநாள் மறுபடி சாமந்தி. மே கடைசியில் சடகோபன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "மார்ச்சில் வந்தது மே மாசம் வரலைன்னா, மார்ச் மாசம் நிஜமாவே வந்துதாம்மா?" ஜூன் பன்னிரண்டாம் தேதி தானே திருத்தணிக்கு வந்து, கண்ணெதிரே செய்யச் சொல்லிப் பார்க்கப்போவதாகவும், அன்று வராவிட்டால் கையெழுத்துப் போட முடியாதென்றும் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி நேராக லேபுக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து யூனிஸ் அழுதாள். ஏமாற்றுக்காரி என்று சொல்லாமல் சொல்லிவிட்டாரே என்ற அழுகை. வரலட்சுமி என்ன செய்வாள், பக்கத்தில் நின்றாள். கண் மட்டும் மரத் தாங்கியில் தேதிச் சீட்டு ஒட்டி வரிசையாக நின்ற, அன்றன்று கலந்ததை ஊற்றி வைத்த கண்ணாடிக் குழாய்களின்மேல் ஓடியது. ஏப்ரல் நடுவிலிருந்து எல்லாம் சாமந்தி. நடுவில் மூன்றே மூன்று வெளுத்த மஞ்சள். ஏப்ரல் முப்பது, மே ஒன்பது, மே இருபத்தொன்று.

ஏப்ரல் முப்பது, தம்பி மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்ட நாள். மே ஒன்பது, பஸ் ஓடாத நாள். இருபத்தொன்று, நைனாவுக்குத் திதி. மூன்றும் அவள் கல்லூரிக்கு வராத நாட்கள்.

ஆராய்ச்சி நோட்டில் எண்ணெய், உப்பு, சூடு என்று எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அட்டெண்டர் வந்தாளா வரவில்லையா என்று எழுத யார் இடம் விடுவார்கள்? அதனால் யூனிஸுக்குத் தெரியாதது வரலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. மாமியார் சொன்னது பொய்யில்லை. கல்யாணம், காதுகுத்து என்று விலகி விலகிப் போனவள், இந்த ஓர் இடத்தில்தான் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நிம்மதியாக நின்றுகொண்டிருந்தாள். இங்கேயும் நுழைந்துவிட்டது. அதுவும் அவளை மனுஷியாக நடத்திய ஒருத்தியின் வாழ்க்கையில். மறுநாளே ஜுரம் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏழு நாள் வரவில்லை. அந்த ஏழு நாளில் யூனிஸ் மூன்று தடவை கலந்தாள். மூன்றும் வெளுத்த மஞ்சள். சந்தோஷப்பட வேண்டியவளுக்குத் தூக்கம் போயிற்று. ஏன் கெட்டது என்றும் தெரியாது, ஏன் சரியாயிற்று என்றும் தெரியாது. பன்னிரண்டாம் தேதி எது வரும் என்று எந்த நம்பிக்கையில் அவர் முன்னால் நிற்பது? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், ஜுரக்காரியைப் பார்க்க ஆறு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினாள்.

ஜுரக்காரி தறிக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். யூனிஸைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் நூல் கண்டு உருண்டு ஓடியது. எல்லப்பனின் விசைத்தறிகள் இரண்டும் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தன. நல்லவேளையாக அப்போது கரண்ட் போயிற்று.

"ஜுரம்னு சொன்னியே?"

வரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்க மேடம்."

"அப்புறம் ஏன் வரலை? பன்னெண்டாம் தேதி நீ கூட இல்லாம நான் எப்படிச் சமாளிப்பேன்?"

"நான் வரமாட்டேங்க. வந்தா கெட்டுப் பூடும்." உருண்ட நூல் கண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அந்தத் தேதிச் சீட்டு ஒட்டின கொயாய் எல்லாம் பாத்தேன். நான் வராத நாளுதான் நல்லா வந்துகினு இருக்குது. இப்பக் கூட நல்லா வந்துதா இல்லியா, சொல்லுங்க. வந்திருக்கும். என் ராசி அப்படி."

யூனிஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. பாடம் நடத்தும்போதுகூட அவளுக்கு அப்படிக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. "ராசியா? ஏழு வருஷமா நான் கெமிஸ்ட்ரி படிச்சுக்கிட்டிருக்கேன்னு நினைக்கிறியா, இல்ல ஜோசியமா?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மூன்று தேதியும் அவள் மனசிலும் ஓடியிருக்க வேண்டும். "சரி. நீ வர்ற நாள் நல்லா வரலை. அது நிஜந்தான். அப்போ நீ வர்ற நாள்ல என்ன செய்யறே? ஒண்ணு விடாம சொல்லு."

"இன்னா செய்யப் போறேன்? பெருக்குவேன். குடுவ கெய்வுவேன். உங்க மருந்து எதையும் தொட்டதில்லீங்க, எங்க நைனா மேல சத்தியமா."

"அப்புறம்?"

அதற்குள் தறி நின்ற கூடத்தில், வெளியே தீயாக அடிக்கும் வெயிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு குளுமை யூனிஸின் கையில் பட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் முழுக்க நனைந்த சாக்கு. "அது எதுக்கு?"

"காஞ்ச காத்து பட்டா தறியில பாவு நூல் அறுந்துபூடும் மேடம். அதுக்குத்தான் ஈரச் சாக்கு." வரலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டே, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னாள்: "காலேஜிலயும் உங்க தராசு ரூம்புக்குக் கட்னேனே. நீங்க வேர்த்து வேர்த்து ஊத்திக்கினு இருந்தீங்களேன்னு."

யூனிஸ் அப்படியே ராட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மெழுகு, காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக் குடிக்கிற பொருள். நிறுத்து, தட்டில் வைத்து, அடுத்ததை நிறுக்கிற நேரத்துக்குள் ஜன்னல் வழியாக வந்த ஈரக் காற்றைக் குடித்திருக்கிறது. ஊசியால் எண்ணி எண்ணி விட்ட தண்ணீரோடு எண்ணாத தண்ணீரும் சேர்ந்து துளி பெருத்திருக்கிறது. திருத்தணி வெயிலில் ஈரம் எங்கே என்று நம்பியதால் அந்தப் பக்கம் அவள் திரும்பியே பார்க்கவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. பத்மா பயந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பன்னிரண்டாம் தேதி சடகோபன் வந்தார், பார்த்தார், மன்னிப்புக் கேட்கிற பாவனையில் காபி கேட்டார், கையெழுத்தும் போட்டார். அடுத்த வருஷம் யூனிஸ் டாக்டர் யூனிஸ் ஆனாள். அதெல்லாம் நல்லபடி நடந்தது. சொல்ல வேண்டியது அதற்கு முந்தின திங்கட்கிழமையைப் பற்றி.

பழுப்பு பாட்டிலில் நாலு தடவைக்குத்தான் மெழுகு மீதி இருந்தது. சடகோபன் முன்னால் செய்ய ஒன்று, தவறினால் கைகாவலாக ஒன்று. பாக்கி இரண்டு. காலையில் யூனிஸ், வரலட்சுமியை வெளி கேட் பக்கம் வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு, சாக்கைத் தானே நனைத்துக் கட்டி, ஒன்றைக் கலந்தாள். சாமந்தி மஞ்சள். குழாயை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே வந்து காட்டினாள். வரலட்சுமி அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. ஆனாலும் கெட்டிருந்தது.

"இப்ப சாக்கை அவுத்தாச்சு. ரூமும் காயட்டும், சாயங்காலம் நீ உள்ளே வரே" என்றாள் யூனிஸ்.

"வாணாங்க மேடம். அதான் தெரிஞ்சுபோச்சே. இருக்கறதே கொஞ்சம். வீணாக்காதீங்க."

"எனக்குத் தெரிஞ்சுது. உனக்குத் தெரியணுமே."

நாலு மணிக்கு வரலட்சுமி தராசு அறைக்குள் உட்கார்ந்தாள். யூனிஸ் நிறுக்கிறவரையிலும் ஒரு முழத் தூரத்தில் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெயில் கரைத்து, தண்ணீர் விட்டு, இரண்டு குடுவையும் தெளிந்து நின்றதும், யூனிஸ் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பதினோரு வருஷத்தில் நிறைந்த குடுவை எதையும் தொட்டிராத கை அது.

"நானா?"

"ஆங், நீதான். ஊத்து."

ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. குடுவையை ஆட்டி மேஜைமேல் வைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர் மாதிரி. பிறகு மெல்ல, எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துக் கழுவின மாதிரி ஒரு வெளுத்த மஞ்சள். அங்கேயே நின்றது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி. ஒரு முக்குகூட ஏறவில்லை. சாயக்காரர் மகளுக்கு மிஷின் வந்து சொல்ல வேண்டியதில்லை.

யூனிஸ் குழாயில் ஊற்றி, சீட்டு ஒட்டி, தேதி எழுதினாள். தேதிக்குக் கீழே, "வரலட்சுமி கலந்தது" என்றும் எழுதினாள். வரலட்சுமி எழுத்துக் கூட்டி அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு குழாயை வாங்கி, மரத் தாங்கியில் மற்றவற்றின் வரிசையில் தானே வைத்தாள்.

"பதினோரு வருஷமா" என்றாள் கடைசியில், "ஒருத்தர்கூட இந்த மாதிரி சோதிச்சுப் பாக்கலீங்களே, மேடம்."